ரிலீஃப் வால்வு கழுத்துலயே சென்சிங் லைன் எடுக்கலாமா?

சிங்கப்பூர் துவாஸ்ல வேலை பாக்குற ஒரு சூப்பர்வைசர் கேக்குறாரு: "சார், எங்க சால்வென்ட் டேங்க் ஃபிக்ஸட் ரூஃப், நைட்ரஜன் ப்ளாங்கெட்டிங் (திரவத்துக்கு மேல நைட்ரஜன் நிரப்பி வைக்கிறது) இருக்கு. பிரஷர் ஏறுனா வெளிய விடுற ரிலீஃப் வால்வு பைலட் டைப், அதாவது பைலட்னு ஒரு சின்ன வால்வு பிரஷரப் பாத்து பெரிய வால்வ தொறந்து மூடும். செட் 20 மில்லிபார், அதுலதான் தொறக்கும். பைலட்டுக்கும், நைட்ரஜன உள்ள விடுற ரெகுலேட்டருக்கும் புது சென்சிங் லைன் (டேங்க் பிரஷர கொண்டு போற சின்ன ட்யூப்) போடணும். ரூஃப்ல ஸ்பேர் நாசில் (பைப் மாட்டுற வாய்) இல்லாததால வால்வுக்குக் கீழ இருக்குற பைப்லயே டீ (T வடிவ கிளை) போட்டுக்கலாம்னு சப்கான்ட்ராக்டர் (சப்கான்) சொல்றாரு. ஒரு அடி தள்ளிப் போட்டா போதுமா?"

போதாது தம்பி. அடிக்கணக்குல அளந்து சொல்ற விஷயமே இல்ல இது. வால்வு மூடியிருக்கறப்ப எங்க டேப் பண்ணாலும் ஒரே ரீடிங்தான், அதனாலதான் கமிஷனிங் அன்னைக்கு கேஜைக் காட்டி "பாத்தீங்களா, கரெக்டா இருக்கு"ன்னு கையெழுத்த வாங்கிட்டு சப்கான் கிளம்பிடுவாரு. வால்வு தொறந்தாதான் வண்டவாளம் தெரியும்.

வாயு வேகமா ஓடுற இடத்துல பிரஷர் குறையும். காத்து கணக்கா எடை உள்ள வாயு வால்வுக்குக் கீழ இருக்குற அந்தக் கழுத்துல விநாடிக்கு 30 மீட்டர் வேகத்துல போனா கிட்டத்தட்ட 5 மில்லிபார் இறங்கிடும். பெரிய வெஸல்ல 5 மில்லிபார யாரு கண்டுக்கப் போறா, ஆனா உங்க செட்டே 20தான், கால்வாசி போச்சு. டேங்க்குக்குள்ள 20 இருக்கு, பைலட் 15ன்னு நெனச்சு வால்வ மூடும், ஓட்டம் நின்னதும் மறுபடி 20 தெரியும், தொறக்கும், இப்படியே பட் பட்னு அடிச்சுக்கிட்டு சீட்டும் டயஃப்ரமும் கிழிஞ்சு போகும். ரெகுலேட்டர் லைனும் அதே டீல இருந்தா இன்னும் கூத்து, டேங்க்ல பிரஷர் இல்லன்னு அது நைட்ரஜன உள்ள விடும், வால்வு அத வெளிய விடும். ஜூரோங் தீவுல ஒரு எடத்துல நைட்ரஜன் பில் ஏன் ஏறுதுன்னு ரெண்டு மாசம் மீட்டிங் போட்டாங்க, ஒருத்தரும் ரூஃபுக்கு ஏறல. நான் ஏறுனப்ப டீ கண்ணு முன்னாடியே இருந்துச்சு.

இன்னொரு ஏமாத்து வேலை, கோட்டேஷன்ல "ரிமோட் சென்சிங்"னு போட்டுட்டு வால்வுக்கு ஒரு சாண் பக்கத்துல டேப் பண்றது. ரிமோட்னா டேங்க்ல வாயு அசையாம நிக்கிற எடம். தனி நாசில், லிக்விட் லெவலுக்கு மேல, நைட்ரஜன் உள்ள வர்ற வாய்க்கும் வால்வு நாசிலுக்கும் தள்ளி, பைலட்டுக்கு ஒண்ணு ரெகுலேட்டருக்கு ஒண்ணு. ரிமோட் போட்டாச்சுல்ல, இனி வால்வுக்குப் போற பைப்ப சின்னதாக்கலாம்னு ஒரு புத்திசாலி வருவாரு, விடாதீங்க. பைலட்டுக்கு உண்மையான பிரஷர் தெரியும், அவ்வளவுதான், அதுக்காக குறுகுன பைப்ல வாயு அதிகமாப் போயிடாது.

பைலட்டே உள்வாய்ல இருந்து பிரஷர் எடுக்குற மாடல் இருக்கே, அது எப்படி சரின்னு கேப்பீங்க. அது சரிதான், அங்க பிக்அப் ட்யூப மேக்கரே வச்சு டெஸ்ட் பண்ணிருக்கான். அதுவும் வால்வு டேங்க் நாசில் மேலயே நேரா உக்காந்திருந்தாதான். நடுவுல எல்போ, ஐசோலேஷன் வால்வு, நீளமான பைப்னு வந்துட்டா மேக்கர் டெஸ்ட் பண்ணது வேற, உங்க ரூஃப்ல இருக்குறது வேற. சப்கான் இந்த மாடல் கேட்டலாக காட்டித்தான் "மேக்கரே கழுத்துல எடுக்குறான், நாம எடுத்தா என்ன"ம்பாரு. மேக்கர் வச்ச ட்யூபும் இவரு கிரைண்டரால ஓட்டை போட்டு ஒட்டுற டீயும் ஒண்ணா?

ஸ்பேர் நாசில் இல்லன்னா ரூஃப் மேன்ஹோல் கவரப் பாருங்க. அதே அளவுல இன்னொரு கவர் செஞ்சு, வொர்க்‌ஷாப்லயே நாசில் வெல்டு பண்ணி, அடுத்த ஷட்டவுன்ல மாத்திடலாம், ரூஃப்ல ஹாட் வொர்க்கே (வெல்டிங் மாதிரி நெருப்பு வேலை) வேணாம். அந்த மாத்தத்துக்கும் ஃபார்ம் மேல ஃபார்ம் கேப்பாங்க, எல்லார் கையெழுத்தும் இருக்கும், மேல ஏறிப் பாத்தவன் கையெழுத்து மட்டும் இருக்காது. டீ போடுறதுக்கு மட்டும் எப்படித்தான் ஒரே நாள்ல அப்ரூவல் கெடைக்குதோ.

ட்யூப் டேங்க் பக்கம் சரிஞ்சே வரணும், எங்கயும் தொய்வு கூடாது. நம்ம ஊரு மழையில ராத்திரி ட்யூப் குளிர்ந்தா உள்ள இருக்குற ஆவி திரவமாகி தொய்வுல நிக்கும். அது தண்ணியா இருந்தா 10 சென்டிமீட்டருக்கே 10 மில்லிபார் வரை முழுங்கிடும், உங்க செட்ல பாதி. லைன்ல ஐசோலேஷன் வால்வு இருந்தா தொறந்த நிலையிலயே பூட்டு போடுங்க, அத யாராவது மூடிட்டா டேங்க் பிரஷர் ஏறுறது பைலட்டுக்குத் தெரியாது, வால்வும் தொறக்காது. ட்யூப் சைஸ மேக்கர் டிராயிங்ல இருந்து எடுங்க, சப்கான் ஸ்டோர்ல மிச்சம் கெடக்குறதுல இருந்து இல்ல.