இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கார் செயல்திறன் பாகங்கள்: கேள்வி பதில்

கார் எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கும் பட்டறையில் நான் 18 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். இணையத்தில் மலிவாக வாங்கிய பாகங்களைப் பொருத்தித் தரச் சொல்லி வருபவர்களும், பொருத்திய பின் வண்டியை இழுத்துக்கொண்டு வருபவர்களும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்பதையே ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். பணம் மட்டும் போகுமா, எஞ்சின் போகுமா, உயிருக்கே ஆபத்தா என்பதைப் பொறுத்தே அதை எவ்வளவு மலிவாக வாங்கலாம் என்று முடிவு செய்கிறேன்.

கேள்வி: ஐயா, பெயர்பெற்ற நிறுவனத்தின் டர்போவைப் போலவே இருக்கும் ஒன்று, அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வாங்கலாமா?

பதில்: வித்தியாசம் இருக்கும் இடங்கள் எதுவும் படத்தில் விழாது. புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது; சிறிய டர்போக்கள் 2,00,000 சுற்றுகளையும் தாண்டும். அந்த வேகத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடினாலும் பேரிங் தாங்காது. அதனால்தான் நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு டர்போவையும் சுழலவிட்டுச் சமநிலை பார்த்து, தேவையான இடத்தில் துளி உலோகத்தைச் சீவி எடுக்கின்றன. புகை பாயும் பக்கத்துச் சக்கரத்தை, செஞ்சூட்டிலும் வலுவிழக்காத இன்கோனல் போன்ற நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்க்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு விலையில் இந்த இரண்டையும் செய்ய வழியே இல்லை. டர்போ உடைந்தால் அதோடு நிற்காது. காற்றுப் பக்கத்துச் சக்கரத்தின் துண்டுகள் எஞ்சினுக்குள் போகக்கூடும், பேரிங் வழியே கசியும் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சவும் கூடும். உங்கள் பணத்துக்குள் அடங்க வேண்டுமென்றால், அதே நிறுவனத்தின் பழைய டர்போ ஒன்றை வாங்கி, நல்ல பட்டறையில் பேரிங் மாற்றிச் சமநிலை பார்த்துப் பொருத்துவதே என் விருப்பம்.

மலிவாகக் கிடைப்பதெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் பெயரைத் திருடிப் போட்டது ஒருவகை; தன் பெயரிலேயே மலிவாகச் செய்து விற்பது இன்னொரு வகை; உண்மையான பாகமே பழைய இருப்பு என்பதால் தள்ளுபடியில் வருவது மூன்றாவது வகை. முதல் வகையை எந்தப் பாகத்திலும் வாங்காதீர்கள், ஏனெனில் பெயரிலேயே பொய் சொன்னவர் உலோகத்தில் உண்மை சொல்லமாட்டார். மூன்றாவது வகையைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது வகையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: விளையாட்டுக் கார்களுக்கான பிரேக் பேட் என்று விளம்பரம் செய்கிறார்கள். விலையும் குறைவு. எதைப் பார்த்து நம்புவது?

பதில்: பேடைத் திருப்பி, பின்பக்கத்து இரும்புத் தகட்டைப் பாருங்கள். ஐரோப்பிய விதிமுறைப்படி சோதனை செய்யப்பட்ட மாற்றுப் பேடில், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'ஈ'யும் அதன் அருகே நாட்டைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன். அதையடுத்து 90ஆர் என்று தொடங்கும் ஒப்புதல் எண் வரும். காரோடு வந்த பேடின் உராய்வோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே ஆர்90 என்ற அந்த விதியின்கீழ் ஒப்புதல் தரப்படுகிறது. இந்த முத்திரை வண்டிக்கு வண்டி தரப்படுவதால், பேடின் எண் உங்கள் காருக்கு உரியதுதானா என்பதையும் சரிபாருங்கள். அட்டைப்பெட்டியில் முத்திரை இருந்து தகட்டில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முத்திரையையும் போலியாக அடிப்பார்கள் என்பது உண்மை. அதனால் கையாலும் கண்ணாலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. உராய்வுப் பொருள் தகட்டோடு சேரும் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள்; இடைவெளி தட்டுப்பட்டாலோ பொடி உதிர்ந்தாலோ அந்தப் பேட் வேண்டாம். நான்கு பேடுகளையும் சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். இடது வலதுக்குள் கணிசமான வேறுபாடு இருக்கக்கூடாது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் தகடு சுத்தியல் தட்டாமல் போய்ச் சேர வேண்டும்.

'விளையாட்டு' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட உண்மையான பேடுகள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தும்போது அவை குளிர்ந்திருக்கும். சாதாரணப் பேடை விடவும் மோசமாக வழுக்கும். தெருவில் ஓட்டும் காருக்குத் தெருவுக்கான பேடே சரியானது. விலை குறைந்த பேடுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருப்பதும் உண்டு என்பதால், எந்த பிரேக்கின் தூசியையும் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: என் காருக்குப் பொருந்தும் என்று போட்டு அலாய் வீல் செட் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: வீலில் ஏமாந்தவர்களை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே சொல்கிறேன். முதலில் தாங்கும் எடை. கிலோ கணக்கில் அது வீலின் உட்புறத்தில் வார்க்கப்பட்டோ பொறிக்கப்பட்டோ இருக்கும். உங்கள் காரின் ஓர் அச்சு அதிகபட்சம் சுமக்கும் எடையில் பாதியையாவது ஒரு வீல் தாங்க வேண்டும். அடுத்தது போல்ட் வட்டத்தின் அளவு, அதாவது போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். 4 போல்ட் வீல்களில் 98 மில்லிமீட்டரும் 100 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றுக்கான வீலை மற்றொன்றில் வலுக்கட்டாயமாக முடுக்கவும் முடியும். ஆனால் போல்ட்டுகள் சாய்ந்து உட்காரும், ஒவ்வொரு சுற்றிலும் சற்றே வளைந்து நிமிரும், சில மாதங்களில் களைத்து முறியும். மூன்றாவது, நட்டு உட்காரும் குழியின் வடிவம். கூம்பு வடிவக் குழியில் உருண்டை வடிவ நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். எவ்வளவு முடுக்கினாலும் தளர்ந்துவிடும்.

ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகளையும், வெளியமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்ததைக் குறிக்கும் வி.ஐ.ஏ. என்ற எழுத்துகளையும் பல வீல்களில் பார்க்கலாம். முதலாவதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார் என்பதால், இரண்டும் சேர்ந்திருந்தால் நம்பிக்கை கூடும். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த நான்கு வீல்களிலும் இந்த எழுத்துகள் உலோகத்தில் இல்லை, ஒட்டுத்தாளில் இருந்தன. நகத்தால் கீறியதும் உரிந்து வந்தன. சமநிலை பார்க்கும் எந்திரத்தில் ஏற்றியபோது ஒரு வீல் கண்ணுக்குத் தெரியும்படியே ஆடியது. அவர் விற்றவருக்கு எழுதினார், பதில் வரவில்லை. அந்த வீல்களை நான் பொருத்தித் தரவில்லை. அவருக்கு என்மேல் வருத்தம்தான், ஆனாலும் இன்றைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன்.

எந்த வீலைப் போட்டாலும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: எஞ்சின் கோளாறைப் படிக்கும் கருவியைச் செருகும் ஓ.பி.டி. துளையில் செருகினால் சக்தி கூடும், எரிபொருள் மிச்சமாகும் என்று ஒரு சிறு கருவி விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்ததைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு சின்னச் சில்லும், மின்னுவதற்கு மூன்று விளக்குகளும், மின்சாரம் எடுக்கும் கம்பிகளும் இருந்தன. இன்றைய கார்களில் எஞ்சின் கணினியின் பேச்சு 6, 14 ஆகிய முள்களின் வழியேதான் போகிறது. அந்த இரண்டு முள்களும் அதில் எதனோடும் இணைக்கப்படவில்லை. கணினியோடு பேசாத கருவி எஞ்சினை எப்படி மாற்றும்?

கேள்வி: இரிடியம் ஸ்பார்க் பிளக்குகளில் போலி நிறைய என்று கேள்விப்பட்டேன். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பூதக்கண்ணாடி ஒன்றும், கடையில் நேரில் வாங்கிய உண்மையான பிளக் ஒன்றும் போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உண்மையான இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசிபோல மெல்லியது, பெரும்பாலும் 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும், அதன் அடியில் பற்றவைத்த வளையம் சீராகத் தெரியும். போலியில் முனை தடிமனாகவோ நடுவிலிருந்து விலகியோ இருக்கும். மரைமேல் இருக்கும் வாஷரைக் கையால் சுழற்றிக் கழற்றப் பாருங்கள், என்.ஜி.கே. போன்ற நிறுவனங்களின் பிளக்கில் அது எளிதாகக் கழன்று வராது. பீங்கானில் உள்ள எழுத்தின் ஓரங்கள் மங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். போலி பிளக்கின் முனை சூடு தாங்காமல் உருகி விழுந்தால் பிஸ்டனுக்கே கேடு.

கேள்வி: மணிக்கு 255 லிட்டர் தரும் பெட்ரோல் பம்ப் மூன்றில் ஒரு பங்கு விலையில் இருக்கிறது.

பதில்: வால்ப்ரோ என்ற பெயரால் அறியப்படும் அந்த பம்ப்புக்குப் போலிகள் வெகுகாலமாக உலவுகின்றன. போலி பம்ப் சும்மா ஓடும்போது நன்றாகவே ஓடும். நீங்கள் முழு வேகத்தில் மிதித்து அழுத்தம் உயரும்போதுதான் அதன் ஓட்டம் சரியும். அந்த நேரத்தில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எரிதல் தாறுமாறாகி எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டன் ஓட்டையாகலாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் பட்டியலிடப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: விற்பவர் நம்பத்தகுந்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றன.

பதில்: நட்சத்திரங்களை எண்ணாமல், மதிப்புரைகள் எந்தப் பொருளைப் பற்றி எழுதப்பட்டவை என்று பாருங்கள். பழைய மதிப்புரைகள் கைப்பேசி உறையைப் பற்றிப் பேசினால், வேறொரு பொருளுக்குச் சேர்ந்த நற்பெயரை இந்தப் பொருளின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் எழுத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பொருத்திய பின் ஆறு மாதம் கழித்து எழுதியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். விளம்பரத்தின் சொற்களையும் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் 'பாணி', 'வகை', 'பொருந்தும்' என்று இருந்தால் அது அந்த நிறுவனத்தினுடையது அல்ல.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, அந்தப் பாகத்தின் பக்கத்தில் வைத்து, அதன் வரிசை எண் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. இல்லாதவர் காரணம் சொல்வார்.

கேள்வி: தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் 15 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்.

பதில்: மறுத்துவிடுங்கள். வெளியே அனுப்பிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. முடிந்தவரை கடன் அட்டையில் கட்டுங்கள். பொருள் வராவிட்டாலோ போலியாக வந்தாலோ வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழியிருக்கும். பெட்டி வந்ததும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரித்து முடிக்கும் வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அளந்து பார்த்த பிறகே அழுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியையும், திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கனமான பாகங்களில் திருப்பி அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தாண்டி கையைக் கடிக்கும்.

கேள்வி: சைலன்சர் குழாய் 304 துருப்பிடிக்காத எஃகா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: பாதிதான் போதும். காந்தம் பலமாக ஒட்டினால் அது 409 போன்ற மலிவான வகை. அதுவும் ஓரளவு உழைக்கும். ஆனால் ஒட்டாவிட்டால் 304தான் என்று சொல்லிவிட முடியாது. 201 என்ற வகையிலும் காந்தம் ஒட்டாது, அது சீக்கிரம் துருவேறும். தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள், பற்றவைப்பின் உட்புறத்தை விளக்கடித்துப் பாருங்கள். புகை சுத்திகரிக்கும் வினையூக்கிக் குடுவையை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் மலிவாக வாங்கலாம்?

பதில்: நிறையவே இருக்கிறது. தண்ணீர், காற்றுப் பாதைகளுக்கான சிலிக்கான் குழாய்கள், கிளாம்புகள், வெப்பம் தடுக்கும் நாடா, கியர் குமிழ், மானிகளைத் தாங்கும் சட்டங்கள் ஆகியவை உடைந்தால் பெரும்பாலும் பணமும் ஒரு நாளும்தான் போகும். சாதாரண சிலிக்கான் குழாயை மட்டும் எண்ணெய்க்கோ பெட்ரோலுக்கோ பயன்படுத்தாதீர்கள், ஊறி இளகிவிடும். ஸ்டீயரிங் வீல், ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் கைகள் ஆகியவற்றில் ஒரு காசு மிச்சம் பிடிக்கவும் நான் சம்மதிக்கமாட்டேன். தரமற்ற மாற்று ஏர்பேக்குகள் வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததையடுத்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2024-இல் எச்சரிக்கையே விடுத்தது.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் மலிவான, துளையிட்ட பிரேக் டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டேன். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இப்போது என்ன செய்வது?

பதில்: வண்டியை இனி ஓட்டாதீர்கள். டிஸ்க் ஆறியபின் வீலைக் கழற்றி, ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கோ, வெளிவிளிம்புக்கோ மயிரிழைபோல விரிசல் ஓடியிருந்தால் அந்த டிஸ்க் எந்த நேரமும் பிளக்கலாம். விரிசல் இல்லையென்றால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்து டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். துருவைச் சுரண்டிவிட்டு, டயல் மானி வைத்து ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய டிஸ்குகளை வைத்திருக்கிறீர்களா? அவற்றில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து, அதற்கு மேல் இருந்தால் அவற்றையே திரும்பப் பொருத்திக்கொண்டு, புதியவற்றைப் படம் எடுத்து இன்றே விற்பவரிடம் முறையிடுங்கள்.