டைல்ஸ் முதலா, கூரை முதலா?

கேள்வி: அக்கா, திருக்கடலூரில் கடலுக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. அப்பா கட்டி 35 வருடமாகிறது. இரண்டு அறை, ஹோல், முன் விறாந்தை, பின்னால் குசினியும் சின்ன விறாந்தையும். மலசலகூடம் வளவின் மூலையில். ஓட்டுக் கூரை, மாரியில் இரண்டு இடத்தில் ஒழுகும். சீட்டு எடுத்த காசும் சேமிப்புமாக 8 இலட்சம் கையில் இருக்கிறது. அண்ணாவும் 2 இலட்சம் அனுப்புவதாகச் சொல்கிறார். அவர் ஆடி மாதம் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். ஹோலுக்கு டைல்ஸ், சீலிங், குசினிக்குப் பன்ரி கபட் போட்டால் வீடு புதுசாகிவிடும் என்கிறார் மேசன். முன் கதவையும் மாற்றச் சொல்கிறார், பழையதைத் தானே எடுத்துக்கொள்வாராம். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரவில் வெளியே போக வரச் சிரமம். எதிலிருந்து தொடங்குவது? – வாசகி, திருகோணமலை

தங்கச்சி,

மேசன் சொன்னதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, அம்மாவின் முழங்காலைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 8 இலட்சத்தில் பெரிய பங்கு அந்த ஒரு வரிக்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் முதல் வேலை கூரை. அதை முடிக்காமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

ஒழுகுகிற கூரைக்குக் கீழே சீலிங் அடித்தால் ஒழுக்கு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். மேலே மரம் நனைந்து உளுத்துக்கொண்டிருக்கும். சீலிங்கில் பழுப்பு வட்டம் தெரிகிற நேரம் கறையானும் வந்திருக்கும். இப்போது மாசி. நமக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். அதனால் நிதானமாக ஓட்டைக் கழற்றிப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

முழுக் கூரையையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒழுகும் இரண்டு இடத்தையும் சுற்றி ஓட்டை எடுத்துவிட்டு, ஓட்டைத் தாங்கும் சலாகையிலும் கைமரத்திலும் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை புட்டுக்குள் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். இறங்காவிட்டால் அந்த மரத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பெரும்பாலும் ஒழுக்கு வருவது முகட்டோட்டின் சாந்து வெடித்த இடத்திலும், கூரை சுவரோடு சேரும் இடத்திலும்தான். குரங்கு நடமாட்டம் உள்ள பக்கமென்றால், நடுக் கூரையில் விலகிக் கிடக்கும் ஓடுகளையும் பாருங்கள். தாழ்வாரத்துக் கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நம் கரையில்தான் ஏறியது. காற்று முதலில் கையை விடுவது ஓரத்து ஓட்டுக்குக் கீழேதான்.

ஓட்டை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போடலாம், மலிவு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வீடு வெக்கையாகும். அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, பல வருடம் கழித்து நோயாக நிற்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். யன்னல்களுக்கு மேல் உள்ள சன்சேட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தீர்களா? 35 வருடம் உப்புக்காற்றுக் குடித்த வீட்டில் அங்கே நீளவாக்கில் மண்ணிறக் கோடு ஒன்று ஓடும். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல கொங்கிரீட் கணீரென்று சொல்லும். கெட்டது பொத்தென்று வெறுமையாகக் கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலால் சாந்து பூசிப் பெயின்ற் அடித்தால் இரண்டு மாரிக்குள் கட்டியாகக் கழன்று விழும், கீழே பிள்ளைகள் நிற்பார்கள். பொத்தென்று கேட்கும் பகுதியைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்து, கம்பி மினுங்கும் வரை துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பிறகுதான் அடைக்க வேண்டும். கம்பி பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் அந்தச் சன்சேட்டை இறக்கிவிடுவது நல்லது.

இதோடு சேர்ந்தது மணல். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறது, சும்மா வரும் என்று யாரும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். உப்புவெளியில் எங்கள் வீட்டு ஒரு சுவருக்கு அப்படித்தான் பூசினார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மாவு தூவியதுபோல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மூன்று தரம் பெயின்ற் அடித்தோம், மூன்று தரமும் செதில் செதிலாக உரிந்தது. கடைசியில் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஊர் நம்முடையது, ஆற்று மணலுக்கு இங்கே பஞ்சமில்லை. மணல் வந்து இறங்கியதும் ஒரு பிடியைக் கிளாசில் போட்டு நல்ல தண்ணீர் விட்டு, தெளிந்ததும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி அம்மா. பின் விறாந்தையில் குசினிச் சுவரோடு சேர்த்து 5 அடிக்கு 7 அடி எடுத்தால் கொமட்டும் குளிக்கும் இடமும் அடங்கும். குசினிக்கு வரும் தண்ணீர்க் குழாயிலிருந்தே கிளை எடுக்கலாம், செலவு குறையும். சில விஷயங்களில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கதவு அகலம் 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நாளைக்குச் சக்கர நாற்காலி என்றாலும் உள்ளே போக வேண்டும். வாசலில் படி வேண்டாம். நிலத்துக்குச் சொரசொரப்பான டைல்ஸ். கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அம்மா பிடித்து எழும்ப ஒரு கைபிடி, அதைப் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். நிலம் வடிகாலை நோக்கி 4 அடிக்கு ஒரு அங்குலமாவது சரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர் கசியாத பூச்சுப் பூசி, வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அப்போதே பிடித்துவிடலாம்.

மலசலக் குழி வெட்டும் இடம் முக்கியம். நமது மணல் நிலத்தில் தண்ணீர் மேலேயே நிற்கிறது, அழுக்கு லேசாகப் பரவும். உங்கள் கிணற்றிலிருந்தும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். பழைய குழி நல்ல நிலையில் இருந்தால் அதற்கே குழாய் இழுத்துவிடலாம். கட்டத் தொடங்கும் முன் உள்ளூராட்சிச் சபையில் அனுமதி தேவையா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

வயரிங்கும் 35 வருடப் பழசென்றால் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர்த்தும், மின் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதுக் குளியலறையில் சுடுநீர் ஹீற்றர் போடும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம்.

பன்ரி கபட் வேண்டாம். மரத்தூள் பலகையில் செய்தது மாரி ஈரத்தில் ஊதிப்போகும். சீமெந்துத் தட்டுக் கட்டி அலுமினியக் கதவு போட்டால் போதும். விறகடுப்பு இன்னும் வைத்திருந்தால் அதற்கு வெளியே சாய்ப்பாக ஒரு பத்தி இறக்குங்கள், குசினிச் சுவர் கரி பிடிக்காது. ஹோலின் சீமெந்து நிலம் வெடிக்காமல் இருந்தால் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். காசு மிஞ்சினால் பிறகு டைல்ஸ் பார்க்கலாம். அப்போதும் கணக்கை நீங்களே போடுங்கள். 10 அடிக்கு 12 அடி ஹோல் என்றால் 120 சதுர அடி, 2 அடி டைல்ஸ் 30 வேண்டும், உடைவு வெட்டுக்கு 3 கூட்டி 33.

கையிலிருக்கும் 8 இலட்சத்தில் 1 இலட்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கழற்றிய ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணா தருவதாகச் சொன்ன 2 இலட்சத்தைக் கைக்கு வரும் வரை கணக்கில் சேர்க்காதீர்கள். மேசனுக்குக் கூலி மட்டும் கொந்தராத்து பேசுங்கள், சாமான் நீங்கள் வாங்குங்கள். கூரை, சன்சேட், குளியலறை என்று ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அந்தந்தக் காசு. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். மேசன் கோபிக்க மாட்டார், நல்ல மேசன் இதைத்தான் விரும்புவார். பூச்சு வேலை சித்திரைக்குள் முடிந்தால் நல்லது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ஈரப் பூச்சு ஒரே பகலில் காய்ந்து மயிர் வெடிப்பு விழும். அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டி வந்தால் காலையும் மாலையும் 7 நாள் தண்ணீர் தெளியுங்கள்.

ஹோல் பழையபடியே இருக்கிறதே, அண்ணா என்ன நினைப்பார் என்று யோசிக்காதீர்கள். அவரும் அந்த நிலத்தில் தவழ்ந்தவர்தானே. இன்றைக்கே போன் எடுத்து, அம்மாவுக்கு உள்ளேயே குளியலறை கட்டுகிறோம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக அந்த முன் கதவு. மேசன் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே நல்ல கதவைப் பெரும்பாலும் முதிரை மரத்தில் செய்வார்கள். கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பெயின்ற்றைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை, நீலம், அதற்கும் கீழே ஒரு பழைய மண்ணிறம், அதையும் தாண்டித் தேன் நிறத்தில் மினுங்குகிற மரம் தெரிந்தால் அது முதிரையாக இருக்கலாம். அரத்தாள் போட்டு வார்னிஷ் அடிக்க ஒரு தச்சு ஓடாவிக்கு இரண்டு மூன்று நாள் கூலி போதும். அப்பா மாட்டிய கதவு அதே நிலையில் நிற்கட்டும்.