தந்தை செல்வா ஏன் வழக்குப் போடாமல் பதவியை விட்டார்?

வேலூரில் சட்டம் படிக்கும் மாணவர் கேட்டிருக்கிறார்: பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டி அரசர் சமாதியைப் பார்த்ததிலிருந்து இலங்கை வரலாறு படிக்கிறாராம். இலங்கைத் தமிழர் தலைவர் 'தந்தை செல்வா' என்ற செல்வநாயகத்தைப் பற்றித்தான் கேள்வி. 'செல்வநாயகமே பெரிய வழக்கறிஞர். ஒப்பந்தத்தை மீறியபோது கோர்ட்டுக்குப் போகாமல் 1972ல் எம்.பி. பதவியை ஏன் துறந்தார்?'

1957 ஜூலை 26ல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவோடு செல்வா போட்ட ஒப்பந்தம் சட்டமே அல்ல. அதில் சொன்ன, தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் தரும் பிரதேச சபைகளுக்கு மசோதா வந்து நிறைவேறியிருந்தால்தான் அதற்கு உயிர். பிக்குகள் பிரதமர் வீட்டு முன் உட்கார்ந்ததும் 1958 ஏப்ரல் 9ல் அது கைவிடப்பட்டது. 1965ல் டட்லி சேனநாயக்கா என்ற இன்னொரு தலைவரோடு செய்த ஒப்பந்தத்துக்கும் அதே கதி. இரு தலைவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தை நிறைவேற்றச் சொல்லி எந்தக் கோர்ட்டிலும் ரிட் கேட்க முடியாது.

சட்டத்தில் ஒரு பிடி இருந்தது உண்மை. நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளுக்கென்று ஒரு பகுதியே உண்டு. இலங்கைக்கு அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பின் (சுதந்திரத்தோடு வந்தது) 29வது பிரிவுதான். ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் செல்லாது என்றது அது. அதைப் பிடித்துத்தான் கோடீஸ்வரன் என்ற அரசு எழுத்தர் வழக்காடினார். சிங்களத்தில் தேர்ச்சி பெறவில்லை என்று 1962ல் அவருடைய ஊதிய உயர்வை நிறுத்தியிருந்தார்கள். 1964ல் கீழ்க்கோர்ட், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ஆட்சிமொழிச் சட்டமே செல்லாது என்றது. 1967ல் உச்ச நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவே இல்லை; அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசு மீது வழக்குப் போட முடியாது என்று தள்ளிவிட்டது. 1969ல், அப்போது இலங்கைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 'போடலாம், மொழிக் கேள்வியையும் விசாரியுங்கள்' என்று திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

1970ல் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக ஆட்சிக்கு வந்தார். 1971ல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடே ரத்து. 1972 மே 22ல் வந்த புது அரசியலமைப்பில் 29 காணாமல் போனது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று 48(2) சேர்ந்தது. இனி எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

மிச்சமிருந்தது வாக்காளர்கள். செல்வா அக்டோபரில் தன் தொகுதியான காங்கேசன்துறையின் எம்.பி. பதவியை விட்டு, புது அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்க்கலாம் என்று அரசுக்குச் சவால் விட்டார். 1975 பிப்ரவரி 6 வரை இழுத்தடித்துத்தான் தேர்தல் வைத்தார்கள். 16,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கட்டுரை எழுதுவதாக இருந்தால் 29, 48(2) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒப்பந்தங்களை அப்புறம் எடுங்கள்.