ஹருத்தோவுக்கு என்ன பொருள்? எந்த எழுத்தில் என்று முதலில் சொல்லுங்கள்

யோக்கோஹாமாவில் வசிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவர் ஜப்பானியர். அடுத்த மாதம் பிரசவம். பையன் என்றால் ஹருத்தோ என்கிறார் அவர். ஒரு தளத்தில் அதற்கு 'வெயில்' என்று பொருள் போட்டிருக்கிறது, இன்னொன்றில் 'வசந்தம்' என்று இருக்கிறது. எது சரி? பெண் என்றால் நிலா என்று வைக்க எனக்கு ஆசை. அங்கே அது எடுபடுமா?"

இரண்டு தளங்களும் சரிதான், இரண்டும் பாதிதான் சொல்கின்றன. ஹருத்தோ என்பது வெறும் ஓசை. பொருள், அதை எழுதும் கான்ஜியில், அதாவது ஒவ்வொன்றும் தனிப் பொருள் தரும் சீன வழி எழுத்துகளில், இருக்கிறது. ஒரு வீட்டில் வெயிலுக்கான எழுத்தோடு உயரப் பறப்பதற்கான எழுத்தைச் சேர்ப்பார்கள். இன்னொரு வீட்டில் தெளிந்த வானமும் மனிதனும். மூன்றாவது வீட்டில் வசந்தமும் அகப்பையும்! ஒரே வகுப்பில் மூன்று ஹருத்தோ இருந்தாலும் வருகைப் பதிவேட்டில் மூன்றும் வேறு பெயர்கள். இது தலைகீழாகவும் நடக்கும். 'பெரிய', 'பறத்தல்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் ஹிரோத்தோ என்றும் படிக்கலாம், ஹருத்தோ என்றும் படிக்கலாம். அதனால் கணவரிடம் பொருளைக் கேட்காதீர்கள், எந்த எழுத்து என்று கேளுங்கள். அப்புறம் ஒரு சோதனை: அந்தப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று போனில் ஒருவருக்கு அவர் விளக்கிச் சொல்லட்டும். "வெயில் எழுத்து, பறக்கிற எழுத்து" என்று ஒரே மூச்சில் முடிந்தால் நல்ல பெயர். முடியாவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கான்ஜியையும் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் குழந்தை ஜப்பானியக் குடிமகன் என்பதால் பெயர் கொசெக்கி என்ற குடும்பப் பதிவேட்டில் ஏறும். அன்றாடப் பயன்பாட்டுக் கான்ஜி 2,136, பெயருக்கென்று தனியாக அனுமதித்த எண்ணூற்றுச் சொச்சம், ஓசையை மட்டும் குறிக்கும் ஹிராகானா, கத்தகானா எழுத்துகள் ஆகியவை மட்டுமே செல்லும். ஆங்கில எழுத்து கூடாது. 2004இல் பெயர் எழுத்துப் பட்டியலை விரிவாக்கியபோது வரைவில் மலம், பிணம், புற்றுநோய் ஆகியவற்றின் எழுத்துகளும் இருந்தன. ஜனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தார்கள். பட்டியலில் இருக்கும் எழுத்து என்பதற்காக எல்லாம் நடந்துவிடாது. 1993இல் டோக்கியோவின் அகிஷிமா நகரில் ஒரு தந்தை மகனுக்கு 'அகுமா', அதாவது பிசாசு, என்று வைக்கப்போய் விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. 2025 மே 26 முதல் பெயரின் உச்சரிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. அது பொதுவாக ஏற்கத்தக்க வாசிப்பாக இருக்க வேண்டும். 'உயரம்' என்று எழுதிவிட்டு 'தாழ்வு' என்று படிக்கச் சொன்னால் செல்லாது.

இனி நிலாவுக்கு வருவோம். ஜப்பானியத்தில் 'ல' ஒலி இல்லை, 'ர' ஆகிவிடும். நிரா என்றால் அங்கே கியோஸா என்ற கொழுக்கட்டைக்குள் பொடியாக நறுக்கிப் போடும், பூண்டு வாசம் அடிக்கும் கீரை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? வீட்டில் நிலா என்று கூப்பிடுங்கள், பதிவேட்டில் மிஸுக்கி என்று வையுங்கள். 'அழகு', 'நிலவு' ஆகிய எழுத்துகளில் எழுதினால் உங்கள் ஆசையும் உள்ளே வந்துவிடும். அழகுக்குப் பதில் கடலைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். கடலும் நிலவும் சேர்ந்தால் ஜெல்லிமீன்! பார்க்க அழகாக இருக்கிறதே என்று இந்தக் கூட்டை வைத்துவிட்டுப் பின்னால் நெளிகிற பெற்றோர் உண்டு. தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அகராதியில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் மீனா, மாயா, மாரி மூன்றும் அங்கே இயல்பான பெண் பெயர்களே. என்னைக் கேட்டால் மீனா. கான்ஜியில் எழுதினால் 'மினா' என்று குறுகும். நெடில் வேண்டுமென்றால் கத்தகானாவில் நீட்டல் கோட்டோடு எழுதலாம், பதிவேடு ஏற்கும். உமா வேண்டாம், அங்கே அது குதிரை. கனி என்றால் நண்டு.

குழந்தையின் பெயரை எழுத எத்தனை கோடுகள் என்று மாமியார் எண்ண ஆரம்பித்தால் திகைக்காதீர்கள். குடும்பப் பெயரையும் சேர்த்துக் கோடுகளைக் கூட்டிப் பலன் சொல்வது அங்குள்ள வழக்கம், நம்மூர் நியூமராலஜி மாதிரிதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு கோடு கூடக் குறைய உள்ள மாற்று எழுத்து எப்படியும் கிடைக்கும் என்பதால் சண்டை போடவும் அவசியமில்லை.

பிறந்த நாளையும் சேர்த்து 14 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லையா? பெயர் இல்லாமலே பதிந்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம். நடுப்பெயருக்குத் தனி இடம் கிடையாது, தாத்தா பெயரையும் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பெயராகிவிடும். பெற்றோர் இருவருமே இந்தியர் என்றால் கொசெக்கி இல்லை. 14 நாள் கெடு மட்டும் அவர்களுக்கும் பொருந்தும்.