பங்கரும் செவ்வாயும்

அக்கா, வணக்கம். மல்லாவியில் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறேன். அந்தாட்டிக்காவிலும் ஹவாய் எரிமலையிலும் ஆட்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விண்வெளிப் பயணத்துக்குத் தயார்படுத்தியிருக்கிறார்களாம். வன்னியிலும் அப்படி ஒரு நிலையம் போட்டால் என்ன? இங்கே இல்லாத வெயிலா, வறட்சியா? சண்டைக் காலத்தில் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் கிடந்து பழகின எங்கட சனத்தைவிடச் செவ்வாய்க்குப் போகத் தகுதியான ஆட்கள் வேறு யார்? இந்தத் துறையில் படிக்க என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நிலையத்துக்கு வன்னி சரிவராது. பாலையும் வீரையும் நிற்கிற காடு, குளத்துக்குக் குளம் வயல், மாரி வந்தால் வெள்ளம். செவ்வாயைப் போன்ற தரை வேண்டும் என்றால் அட்டகாமா பாலைவனம், கனடாவின் டெவன் தீவு என்று போகிறார்கள். தனிமைக்கு அந்தாட்டிக்காவின் கொன்கோர்டியா நிலையம். 3,200 மீற்றர் உயரம், மைனஸ் 80 பாகை வரை போகும் குளிர். மூன்று மாதத்துக்கு மேல் சூரியன் தலைகாட்டாது. ஒன்பது மாதமளவில் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. படிப்பு விஷயத்தை உங்கள் பௌதிக ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஆனால் அந்தப் பங்கர் வசனத்தை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 2023 ஜூனில் ஹூஸ்டனில் நான்கு பேர், செவ்வாயில் இருப்பது போலக் கட்டிய வீட்டுக்குள் போய் 378 நாள் இருந்தார்கள். தாங்களாக விண்ணப்பித்துப் போனவர்கள். 2018இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் இதே மாதிரிப் பயிற்சியில் இருந்த ஒருவருக்கு மின்சாரம் தாக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடங்கிச் சில நாளே ஆன அந்தப் பயிற்சியை அதோடு நிறுத்திவிட்டார்கள். தேவையென்றால் கதவு திறக்கும் என்று தெரிந்துதான் இவர்கள் உள்ளே இருந்தார்கள். கூறைச்சீலையை வெட்டித் தைத்த மண்மூட்டைக்குப் பின்னால், பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு இருந்த தாய்க்கு எந்தக் கதவு இருந்தது? அதைத் தகுதி என்று இனி எழுதாதீர்கள். உங்கள் வயதுக்கு அது பெருமையாகப் படலாம். பட்டவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கொன்கோர்டியாவுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு மருத்துவரை அனுப்புகிறது. கூட இருப்பவர்களின் இரத்தம், நித்திரை, மனநிலை எல்லாவற்றையும் குளிர்காலம் முழுக்க அளந்து எழுதுவது அவர் வேலை. அங்கே ஒருவர் படுகிற கஷ்டம் அடுத்தவருக்கு உதவுவது அந்தக் குறிப்புகளால்தான். எங்களிடம் பட்டறிவு மலையளவு இருக்கிறது, குறிப்பு இல்லை. போகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. அம்மா ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, மெல்லிய திரியைக் கம்பியில் நிறுத்துவார். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்று அணைக்காது. அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தோம். ஒரு கரண்டி எண்ணெய் எவ்வளவு நேரம் எரிந்தது? திரி எந்தத் தடிப்பில் இருந்தால் புகை குறையும்? அம்மாவின் கைக்குத் தெரியும். எந்தக் கொப்பியிலும் இல்லை. இப்போது கேட்க அம்மாவும் இல்லை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பங்கருக்குள் மழைத்தண்ணி ஏறினால் பிள்ளைகளை எங்கே கிடத்துவது என்றும் தெரிந்திருந்தது. கையில் இருப்பதை வைத்து அடைபட்ட இடத்தில் உயிரோடிருப்பது எப்படி என்றுதானே விண்வெளிக்காரரும் இவ்வளவு செலவழித்துப் படிக்கிறார்கள்?

உங்கள் அம்மம்மா இருக்கிறாவா? ஒரு கொப்பியோடு பக்கத்தில் போய் இருங்கள். அழவைக்கிற கதைகளைத் தோண்டாதீர்கள். விளக்கைப் பற்றி, அடுப்பைப் பற்றி, தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். பங்கர் எத்தனை அடி ஆழம், மேலே எத்தனை பனங்குற்றி என்று கேளுங்கள். "விடு மோனை" என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் போங்கள். அளவுகளோடு, அவ சொன்ன மாதிரியே எழுதுங்கள். சோதனை முடிந்த பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா