வெலேட்டா ஏறலாம், ஆனால் முதல் நாளில் வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது, ஊர் கோவை. ஐந்து வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறிவிடுவேன், இரண்டரை மணி நேரம் ஆகும். செப்டம்பர் நடுவில் வேலையாக மாட்ரிட் போகிறேன். வேலை முடிந்ததும் ஆறு நாள் தெற்கு ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவில் தங்கி, அங்கேயே வாடகை சைக்கிள் எடுத்து சியர்ரா நெவாடா மலைகளில் ஓட்ட ஆசை. உடம்பு களைக்காமல் இருக்கும்போதே, முதல் நாளிலேயே வெலேட்டா சிகரத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரிவருமா? எந்தப் பாதையில் போக வேண்டும்? மற்ற நாட்களில் எங்கே ஓட்டலாம்?

பதில்: தாராளமாக ஏறலாம். கோத்தகிரியை இரண்டரை மணி நேரத்தில் ஏறும் காலுக்கு வெலேட்டாவும் முடியும். ஆனால் முதல் நாளில் வேண்டாம், நான்காம் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதியில் திரும்புகிறவர்களில் பலர் கால் வலு இல்லாமல் திரும்புவதில்லை. நாட்களை அடுக்கிய வரிசையும் கியரும் மேலே போட்டுக்கொள்ளும் துணியும்தான் அவர்களைக் கவிழ்க்கின்றன.

உங்கள் கோத்தகிரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,790 மீட்டரை ஒட்டி. ஆக 33 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏறுகிறீர்கள். மணிக்கு 580 மீட்டர் உயரம். மலையில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் தப்பாகிவிடும், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் என்றுதான் பார்க்க வேண்டும். கிரனாடா நகரம் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலேட்டா 3,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தார்ச்சாலை 3,300 மீட்டரையும் தாண்டி ஏறுகிறது, ஐரோப்பாவிலேயே உயரமான தார்ச்சாலை இதுதான். அப்படியென்றால் ஒரே மூச்சில் சுமார் 2,600 மீட்டர் ஏற்றம். கோத்தகிரி போய்ச் சேர்ந்தபின் இன்னொரு கோத்தகிரியில் முக்கால் பங்குக்கு மேல் பாக்கி இருப்பது போல.

அந்தப் பாக்கிதான் காற்று மெலிந்த உயரத்தில் வருகிறது. 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 3,300 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு அங்கே ஏறும் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். எனவே 2,500 மீட்டர் வரை மூன்றேகால் மணி, அதற்கு மேல் ஒன்றேமுக்கால் மணி, நிற்கும் நேரம் ஒரு மணி என்று வைத்தால் மொத்தம் ஆறு மணி நேரம். செப்டம்பர் நடுவில் கிரனாடாவில் பொழுது விடியவே காலை எட்டு மணி ஆகிவிடும், நம்மூர்ப் பழக்கத்தில் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியாது. எட்டு மணிக்குப் புறப்பட்டால் மதியம் இரண்டு மணிக்கு உச்சி. மாலை எட்டு வரை வெளிச்சம் இருப்பதால் இறங்கும்போது அவசரப்பட வேண்டியதில்லை.

சரி, பாதைக்கு வருவோம். கிரனாடாவிலிருந்து மேலே போகும் முக்கிய நெடுஞ்சாலை ஏ-395. அகலமானது, சீரான சாய்வு, ஆனால் பனிச்சறுக்கு ஊரான பிராதோயானோவுக்குப் போகும் கார்கள் எல்லாம் அதில்தான். நான் சொல்வது இது: நகரத்திலிருந்து ஹெனில் ஆற்றை ஒட்டிய சாலையில் சேனஸ் தே லா வேகா, பினோஸ் ஹெனில் வரை போய்க் காலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏ-395 பிடித்து எல் தோர்னஹோ பார்வையாளர் மையம் வரை ஏறுங்கள். அங்கே பழைய மலைச்சாலையான ஏ-4025 பிரிகிறது. அதில் திரும்பிவிடுங்கள். கார் அபூர்வம், பைன் மர நிழல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். சபினாஸ் கணவாயைத் தாண்டி பிராதோயானோவுக்கு மேலே மறுபடி பெரிய சாலையோடு சேரும். இந்த மலைச்சரிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சாய்வு கொஞ்சம் முரட்டுத்தனமானது, தார் அங்கங்கே பெயர்ந்திருக்கும். ஏறும்போது அது பெரிய பொருட்டில்லை. இறங்கும்போது மட்டும் பழைய சாலை வேண்டாம், ஏ-395 வழியாகவே வந்துவிடுங்கள்.

2,500 மீட்டரில் ஓயா தே லா மோரா என்ற இடத்தில் தடுப்பு போட்டிருப்பார்கள். 1999-இல் சியர்ரா நெவாடா தேசியப் பூங்கா ஆனது, மக்களின் சொந்த மோட்டார் வாகனங்கள் அதற்கு மேல் போக முடியாது. சைக்கிளுக்குத் தடை இல்லை. ஸ்பெயின் சுற்று சைக்கிள் பந்தயமான வுவெல்தா 2017-லும் 2022-லும் இந்த இடம் வரைதான் வந்து முடிந்தது. உலகத்தரப் பந்தயத்துக்கே இது எல்லைக்கோடு, நீங்கள் அதற்கு மேலும் சுமார் 12 கி.மீ. போகப்போகிறீர்கள்.

ஓயா தே லா மோராவில் கட்டாயம் இறங்கி நில்லுங்கள். இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே ஒரு சொட்டும் கிடைக்காது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள், இறங்க இறங்கச் சரியாகிவிடும். காற்றையும் பாருங்கள். ஸ்பெயின் அரசு வானிலை நிறுவனமான ஏமெட் சியர்ரா நெவாடாவுக்கென்றே மலை வானிலை அறிக்கை தருகிறது. உச்சியில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் காற்று என்று போட்டிருந்தால் நான் போகமாட்டேன், மரமோ சுவரோ இல்லாத மொட்டைச் சரிவில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தூக்கித் தள்ளிவிடும்.

மேலே சாலை போகப்போக மோசமாகும். பனியும் வெயிலும் மாறிமாறித் தாக்கி தாரை உரித்திருக்கின்றன. கடைசிப் பகுதியில் கல்லும் குழியுமாக, சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். 28 மி.மீ. டயர் குறைந்தபட்சம், 30 அல்லது 32 கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றை ஒரு அளவு குறைத்தே வையுங்கள். டியூப் இரண்டு.

கியர் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகை சைக்கிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருமுறை நான் ஓர் ஊரில் முன்பதிவு செய்தபோது 'மலைக்கு ஏற்ற கியர்' என்றார்கள். போய்ப் பார்த்தால் பின் காசெட்டில், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், பெரிய பல்சக்கரமே 28 பல்தான். மூன்று நாள் முழங்கால் வலியோடுதான் ஓட்டினேன். கணக்கைப் பாருங்கள்: தடுப்புக்கு மேலே சராசரி சாய்வு 7 சதவீதம் அளவில், உங்கள் வேகம் மணிக்கு ஆறரை கி.மீ. முன்னே 34 பல், பின்னே 28 என்றால் நிமிடத்துக்கு 43 சுற்றுதான் மிதிக்க முடியும், முழங்கால் தாங்காது. பின்னே 34 இருந்தால் 52 சுற்று. அதனால் முன் 34, பின் 34 என்று எழுத்தில் கேட்டு உறுதி வாங்குங்கள். பின்னே 36 கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். டிஸ்க் பிரேக்கும் கேளுங்கள். உங்கள் பெடலையும் சீட் உயர அளவையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

அப்புறம் குளிர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே 30 டிகிரி என்றால் உச்சியில் 13. ஏறும்போது அது சுகமாக இருக்கும், இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். வியர்வையில் நனைந்த சட்டையோடு 50 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்கக் கை வராது. காற்று புகாத ஜாக்கெட், முழுவிரல் கையுறை, தோள் முதல் மணிக்கட்டு வரை மூடும் கை உறை, காதை மூடும் மெல்லிய தொப்பி, நான்கும் சட்டைப் பையில் அடங்கும். உச்சியில் போட்டோ எடுக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், நடுங்க ஆரம்பித்தபின் போட்டால் சூடேறாது. பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே இறங்கவும் கூடாது. வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, முதல் மணி நேரத்திலிருந்தே. உயரத்தில் பசி தெரியாது, அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். பிராதோயானோவை நம்ப வேண்டாம், பனிக்காலத்துக்கான ஊர் அது. செப்டம்பரில் பல கடைகள் மூடியிருக்கும்.

இனி மற்ற நாட்கள். முதல் நாள் பினோஸ் ஹெனில், கனாலஸ் நீர்த்தேக்கம் வழியாக குவெஹார் சியர்ரா வரை போய்த் திரும்புங்கள். ஊர் 1,100 மீட்டரை ஒட்டி. சைக்கிளின் கியர், பிரேக், சீட் எல்லாம் சரிதானா என்று பார்க்க இதுவே போதும். அங்கிருந்து அசாயானாஸ் ஏற்றம் தொடங்குகிறது. 2013-இல் அமெரிக்க வீரர் கிறிஸ் ஹார்னர் தன் 41-ஆவது வயதில் வுவெல்தாவில் வென்ற மேடு. 2024-இல் ஒரே நாளில் அதை இரண்டு முறை ஏறவைத்தார்கள். யாராவது ஆசை காட்டுவார்கள். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள், அந்தச் செங்குத்து உங்கள் தொடையிலிருந்து எடுத்துக்கொள்வதை வெலேட்டா அன்று திருப்பித் தராது.

இரண்டாம் நாள் ஏ-395, தோர்னஹோ, பழைய சாலை என்று சபினாஸ் கணவாய் வரை மட்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூச்சு எப்படி வாங்குகிறது என்று அன்றே தெரிந்துவிடும், பெரிய நாளில் எதுவும் புதிதாக இருக்காது. மூன்றாம் நாள் ஓய்வு. அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையைப் பாருங்கள், ஆனால் நாள் முழுக்க நடக்காதீர்கள். நான்காம் நாள் வெலேட்டா. வானிலை கெட்டால் ஐந்தாம் நாள் கையிருப்பாக இருக்கிறது. முதல் நாளில் ஏறத் திட்டமிட்டாலும் கையிருப்பு நாட்கள் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும்தான், ஆனால் பழகாத சைக்கிள், பழகாத உயரம், பழகாத சாலை மூன்றையும் ஒரே நாளில் சந்திப்பீர்கள்.

நான்காம் நாளே முடிந்துவிட்டால் ஐந்தாம் நாள் மலையின் தெற்கு முகமான அல்புஹாராவுக்கு வாருங்கள். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓர்ஹிவா போய், அங்கிருந்து பம்பனேய்ரா, பித்ரஸ் வழியாக திரெவேலஸ் வரை ஏறலாம். ஓர்ஹிவா 450 மீட்டர், திரெவேலஸ் 1,480 மீட்டர் அளவில். சாய்வு மிதமானது, களைத்த காலுக்கும் இணங்கும். மலைச்சரிவில் ஒட்டிவைத்தாற்போல வெள்ளை வீடுகள், மண் பரப்பிய தட்டைக் கூரைகள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டிய வாய்க்கால்களில் இன்றும் பனி உருகிய நீர் ஓடுகிறது, பாதாம் மரங்களும் கஷ்கொட்டை மரங்களும் அதில்தான் வாழ்கின்றன. ஊருக்கு ஊர் குழாயடி உண்டு, குளிர்ந்த நல்ல தண்ணீர். 'நோ பொதாப்லே' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். வெலேட்டாவில் சாதித்த திருப்தி கிடைக்கும், ஆனால் ஊர் திரும்பியபின் மனதில் நிற்பது அல்புஹாராதான் என்பது என் அனுபவம்.

இன்னும் உயரம் வேண்டுமென்றால் கிழக்கே ராகுவா கணவாய், 2,000 மீட்டர். வடக்கே லா கலவோரா கோட்டையின் அடியிலிருந்து ஏறுவது எளிது. காரில் போய்வர நேரம் பிடிக்கும், ஆறு நாளில் நான் அதைச் சேர்க்கமாட்டேன்.

சாலை விதி சுருக்கமாக: ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். இருவர் பக்கம்பக்கமாக ஓட்ட அனுமதி உண்டு. முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். வளைவில் பின்னால் பொறுமையாகக் காத்திருப்பார்கள், பதறி ஓரத்துக்கு ஒதுங்க வேண்டாம். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் போடுங்கள். அவசரத்துக்கு 112.

ஆறாம் நாளில் காலில் வலு மிச்சம் இருந்தால் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொன்று. நகரத்துக்குத் தெற்கே சுஸ்பீரோ தெல் மோரோ மேட்டிலிருந்து ஏ-4050 சாலை சுமார் 1,300 மீட்டர் வரை ஏறி, பிறகு கடற்கரை ஊரான அல்முனேகர் வரை இறங்கிக்கொண்டே போகும். கீழே ஓதீவர், ஹேதே ஊர்களை நெருங்கும்போது பைனும் பாறையும் மறைந்து, நம் சீதாப்பழத்துக்கு நெருங்கிய உறவான சிரிமோயாத் தோப்புகளும் மாந்தோப்புகளும் வரும். செப்டம்பரில் அங்கே மாம்பழம் பறிக்கத் தொடங்கியிருப்பார்கள், சாலையோரத்திலேயே வாங்கலாம். திரும்பி வரப் பேருந்து உண்டு, சைக்கிளை ஏற்ற உறை கேட்பார்கள். வாடகைக் கடையில் முதல் நாளே அதையும் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.