தனியார் அறக்கட்டளைகளிடம் நிதி பெற ஒரு சிறிய தொண்டு நிறுவனம் எப்படித் தயாராக வேண்டும்?

அமெரிக்காவில் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு நிறுவனம் என்ற பதிவு வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது, வேலையும் நன்றாகப் போகிறது, பதினோரு அறக்கட்டளைகளுக்கு ஒரே புரோபோசலை அனுப்பியும் எதுவும் வரவில்லை, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். "ஒரே புரோபோசலை" என்ற இடத்திலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. குழந்தைகளுக்கு மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அமைப்புக்கு நிதி விண்ணப்பம் எழுதுவதுதான் பல வருடமாக என் வேலை, முதல் இரண்டு வருடம் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுப் படியுங்கள். அங்கே ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் வருடா வருடம் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறையிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அது பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரிசையாக இருக்கும். இணையதளத்தில் கல்வி, சமூக முன்னேற்றம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், படிவத்தைத் திறந்தால் பணத்தில் பெரும்பகுதி இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கும். நான் படிவத்தைத்தான் நம்புவேன்.

அதே படிவத்தில், நிதியுதவிப் பட்டியலுக்குச் சற்று மேலே, ஒரு சின்னக் கட்டம் உண்டு. தாங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம், தானாக வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று அர்த்தம். அதில் டிக் இருந்தால் புரோபோசல் அனுப்புவது வீண் வேலை. அந்தக் கட்டத்தைப் பற்றித் தெரியாமல் நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. டிக் இருந்தாலும் டிரஸ்டிகளின் பெயர்கள் அங்கேயே இருக்கும், உங்கள் நிர்வாகக் குழுவில் யாருக்காவது அவர்களில் ஒருவரைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் அது ஒரு வழி.

டிக் இல்லையென்றால் மூன்று வருடப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடா வருடம் அதே பெயர்களா, இல்லை புதுப் பெயர்களும் வருகின்றனவா? உங்கள் அளவுள்ள அமைப்புக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கிறது? 10,000 டாலர் கொடுத்துப் பழகியவரிடம் முதல் கடிதத்திலேயே 1,50,000 கேட்டால் மேலே படிக்க மாட்டார்கள். இன்னொன்று, இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை வருடந்தோறும் நற்பணிக்காகச் செலவழித்தாக வேண்டும் என்பது சட்டம். 2 கோடி டாலர் வைத்திருப்பவர் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவழிக்க வேண்டும், நிர்வாகச் செலவு போக மீதி யாருக்காவது போய்த்தான் ஆகவேண்டும். அதனால் கூனிக் குறுகி எழுதாதீர்கள், நல்ல கையில் கொடுக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது.

சரி, உங்கள் பக்கம். கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், நிர்வாகக் குழு பெயருக்கு இல்லாமல் நிஜமாகவே கூடியிருக்க வேண்டும், இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பட்ஜெட்டில் வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் மறைக்காதீர்கள். மறைத்தால் நிதி வந்த பிறகு அந்தச் செலவுக்குத் திண்டாடுவது நீங்கள்தான்.

அப்புறம் பலன். "பல குழந்தைகள் பயனடைந்தனர்" என்று நாங்கள் எழுதியிருந்தோம். ஒரு அறக்கட்டளையில் விண்ணப்பங்களைப் பார்க்கும் புரோகிராம் ஆஃபீசர் போனில் கேட்டார்: "எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள்?" பதில் இல்லை. அன்றைக்கே வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணினோம். குளிர்காலத்தில் நிறையப் பேர் நின்றுபோயிருந்தார்கள், சீக்கிரம் இருட்டிவிடுவதால் வீட்டில் அனுப்பவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதி, வகுப்பு நேரத்தை முன்னால் கொண்டுவரவும் வண்டிக்கும்தான் பணம் கேட்டோம். கிடைத்தது.

ஒரே பெரிய அறக்கட்டளையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் பணம் பொதுமக்களிடமிருந்து பரவலாக வருகிறதா என்று பார்க்கும் பொது ஆதரவுச் சோதனை என்று ஒன்று உண்டு. அதில், ஐந்து வருட மொத்த ஆதரவில் 2 சதவீதத்துக்கு மேல் ஒரு தனியார் அறக்கட்டளை கொடுக்கும் பகுதி பொதுவாகப் பொது ஆதரவாகக் கணக்கில் சேராது, பெரிய தொகையை வாங்கிக்கொண்டு பொதுத் தொண்டு நிறுவனம் என்ற தகுதியை இழக்கும் நிலைக்கு வந்த அமைப்புகள் உண்டு. கணக்காளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பதினோரு பேரின் படிவங்களை எடுத்து, எத்தனை கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். மீதி இருப்பவர்களுக்கு என்ன எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.